பல் செட் மேடம், 4-வது மாடி

மேசைமேல் மூன்று கவர்கள் கிடந்தன. மூன்றும் காலி.

"உள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. அதான் பயமா இருக்கு," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்தவள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கைப்பையை மடியில் வைத்து, யாரோ பிடுங்க வருவதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என் முதலாளியான சார் கவர்களைத் தொடவில்லை. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல் செட் செய்யறீங்களா?"

அவள் திடுக்கிட்டாள். "எப்படித் தெரியும்?"

"நகத்து இடுக்குல ரோஸ் கலர், அது ஈறுக்கு. மணிக்கட்டுல வெள்ளை மாவு, அது அச்சுக்கு."

"நான் கேக் செய்யறவங்கன்னு நினைச்சேன்," என்றேன். "நல்லவேளை, ஆர்டர் கொடுக்கல."

அவள் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரிக்காதவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். இவள் மேல் வரவில்லை. சிரித்து ரொம்ப நாளானவர்களை ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நானே அந்த ரகம்தான், வாய் மட்டும் ஓயாது.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆபீஸில் என் பெயர் டிஸ்ப்ளே. பத்து வருஷம் செல்போன் ரிப்பேர் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்ததால் சார் வைத்த பெயர். அவருக்கு ஊர் வைத்த பெயர் அட்ரஸ் சார். தபால் இலாகாவில் இருபத்திரண்டு வருஷம், விலாசம் அரைகுறையாக இருக்கும் கடிதங்களை உரியவரிடம் சேர்க்கிற பிரிவில் இருந்தவர். 'மஞ்சள் வீடு, பாலத்துக்குப் பக்கம், மாமாவுக்கு' என்று எழுதியிருந்தாலும் மாமாவைத் தேடிப் பிடித்துவிடுவார். ஓய்வு பெற்றபிறகு அதையே தொழிலாக வைத்துக்கொண்டார். கவருக்கு ஆள் தேடியவர் இப்போது ஆளுக்கு ஆள் தேடுகிறார். செல்போனில் எதையாவது அழுத்தித் தொலைக்காமல் அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் சார்.

சொன்னாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் கணவனை விட்டு வந்துவிட்டாள். கை ஓங்குகிறவன். அவளை நெருங்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. ஐந்தரை வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கதவுக்கடியில் முதல் கவர் வந்தது. ஸ்டாம்ப் இல்லை, உள்ளே காகிதம் இல்லை. 'நீ இருக்கிற இடம் எனக்குத் தெரியும்' என்பதற்கு வேறு என்ன அர்த்தம்? வீட்டை மாற்றினாள். எட்டு மாதத்தில் இரண்டாவது கவர் வந்தது. மறுபடி மாற்றினாள். போன வாரம் மூன்றாவது.

"இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு லாரி வருது. நாலாவது வீட்டுக்குப் போறேன். எங்க போறேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அங்கயும் கவர் வந்துச்சுன்னா அப்புறம் என்னால ஓட முடியாது. அவன் எப்படிக் கண்டுபிடிக்கறான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

மணி பத்தரை.

"குழந்தைங்க?" என்று கேட்டார் சார்.

"ஒரு பொண்ணு. கோர்ட்ல கேட்டப்போ அப்பாகூடவே இருக்கேன்னு சொல்லிட்டா. அப்போ பன்னெண்டு வயசு." அவ்வளவுதான் சொன்னாள். சாரும் மேலே கேட்கவில்லை.

நான் அவள் போனை வாங்கிப் பார்த்தேன். ஆபரேஷன் தியேட்டர்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. இருக்குமிடம் காட்டும் வசதி அணைத்திருந்தது. கேமரா மேல் பிளாஸ்திரி. எந்த ஆப்புக்கும் மைக் அனுமதி இல்லை. ஊர் வம்பு பேசுகிற ஆப் ஒன்றுகூட இல்லை. சேமித்த எண்கள் முப்பத்தொன்று. அந்த முப்பத்தொன்றைத் தவிர வேறு எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் மணியே அடிக்காது, மெசேஜும் தனி லிஸ்ட்டுக்குப் போய்விடும்.

"அந்த லிஸ்ட்டும் காலியா இருக்கே?"

"தினமும் காலையில எழுந்ததும் அழிச்சிடுவேன். பார்க்காமலே."

"ஏன் பார்க்காம?"

"பார்த்தா அன்னிக்குக் கை நடுங்கும். பல்லு கோணலாப் போயிடும்."

"நம்பரையே மாத்தியிருக்கலாமே?"

"இருபத்தாறு டாக்டர்கள்கிட்ட ஒம்பது வருஷமா இந்த நம்பர்தான் இருக்கு. நம்பரை விட்டா தொழிலை விட்ட மாதிரி."

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். "சார், இந்த போன்ல ஓட்டை இல்ல. என் போன் இவ்வளவு பத்திரமா இருந்திருந்தா என் கல்யாணமே நடந்திருக்காது."

சார் இப்போதுதான் கவர்களை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

முதல் கவர்: 'மாடி போர்ஷன் மேடம், பேக்கரி சந்து.'

இரண்டாவது: 'பவுடர் வீட்டு அக்கா, இரும்பு மாடிப்படி.'

மூன்றாவது: 'பல் செட் மேடம், 4-வது மாடி, பச்சை கேட், ஆஸ்பத்திரி பின்னாடி.'

"உங்க கணவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"

"ஏய்."

"ஏய்னு கூப்பிட்டவர் மேடம்னு எழுதுவாரா?"

"பிரிஞ்சு போனப்புறம் மரியாதை வந்திருக்கும் சார். என் வீட்டுக்காரரும் விவாகரத்து நோட்டீஸ்லதான் என்னை முதல் முறையா 'திருமதி'ன்னு போட்டார்," என்றேன்.

சார் காதில் வாங்கவில்லை. "டாக்டர்கள் உங்களை எப்படிச் சொல்வாங்க?"

"லேப். 'லேப்க்குப் போன் போடு'ன்னுதான் சொல்வாங்க. பல் செட்னு எங்க தொழில்ல யாரும் சொல்ல மாட்டாங்க."

"அப்போ இது தொழில் தெரிஞ்சவர் வச்ச பேரில்ல, கட்டின கணவர் வச்ச பேருமில்ல. உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்து, உள்ள எட்டிப் பார்த்து, பல்லைப் பார்த்துட்டுப் போன யாரோ வச்ச பேர். கவர் எழுதினவர் அதைப் பார்த்து எழுதியிருக்கார்." சார் கவரை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "நாலாவது மாடியா நீங்க?"

"மூணாவது. கவரை மேல் வீட்டுக் கதவுல போட்டிருந்தாங்க. அங்க இருக்கற நர்ஸ்தான் எனக்குன்னு புரிஞ்சு எடுத்துட்டு வந்து கொடுத்தாங்க."

சாரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. தப்பான விலாசத்தைப் பார்த்தால் மட்டும் அவருக்கு வரும் வெளிச்சம் அது. "மூணை நாலுன்னு எண்ணறது யார்? அதைக் கண்டுபிடிச்சாப் போதும். வாங்க, உங்க மாடிப்படியைப் பார்க்கணும்."

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் பச்சை கேட் போட்ட கட்டடம். அடியில் வண்டிகள் நிற்கும் இடம். அதற்குமேல் பதினைந்து படி ஏறினால்தான் தரைத்தளம் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். லிஃப்ட் கிடையாது. சார் மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினார். நான் பின்னாலேயே ஏறினேன்.

"எத்தனை மாடி ஏறினோம்?" என்றார் சார், அவள் கதவு முன்னால் நின்று.

"மூணு," என்றாள் அவள்.

"நாலு," என்றேன் நான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

"அதேதான். தபால்காரர் போர்டைப் பார்த்து எண்ணுவார். சுமை தூக்கறவர் முழங்காலால எண்ணுவார். அவருக்குத் தரைத்தளமும் ஒரு மாடிதான்."

அவள் கதவைத் திறந்தாள். ஹாலில் அட்டைப்பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. ஜன்னலோரம் நீளமான வேலை மேசை, அதன்மேல் வெள்ளை மாவில் வார்த்த தாடைகள் வரிசையாக. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு நம்பர். யார் யாருக்கோ நாளைக்குச் சிரிக்க வேண்டிய பற்கள் மெழுகில் செருகிக் கிடந்தன. வீட்டில் நாற்காலி ஒன்றுதான். கழுவிக் கவிழ்த்திருந்த தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. என் வீட்டில் நாற்காலி இரண்டு உண்டு. ஒன்றில் நான் உட்காருவேன், இன்னொன்றில் மடிக்காத துணி உட்காரும். அந்த ஒற்றை நாற்காலியைப் பார்த்ததும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

சார் சமையலறைக்குள் தலையை நீட்டினார். அடுப்புக்குப் பக்கத்தில் இருபது லிட்டர் தண்ணீர் கேன்.

"இதை யார் தூக்கிட்டு வர்றாங்க?"

"மூணு தெரு தள்ளி கடை. நாலு நாளைக்கு ஒரு தடவை வருவார். வாசல்லயே வச்சுட்டுப் போயிடுவார். நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷங்களைத்தான் முதல்ல விசாரிக்கணும்," என்றேன்.

அவளைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

தண்ணீர்க் கடை ஒரு ஷட்டர் அளவு அகலம். நீலக் கேன்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. தோளில் துண்டு போட்ட ஐம்பது வயதுக்காரர் ஈரத் தரையில் நின்று கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அவள் எண்ணை மட்டும் சொன்னேன். அவர் தன் போனில் அதை அடித்துப் பார்த்து, "அட, நம்ம பல் செட் மேடம்! தண்ணி வேணுமாமா?" என்றார்.

நான் சாரைப் பார்த்தேன். சார் என்னைப் பார்த்தார்.

"அந்த மேடம் அட்ரஸை யாருக்குய்யா கொடுத்தீங்க?" என்று எகிறினேன். "மரியாதையாச் சொன்னா மரியாதையாப் போவோம்."

அவர் முகம் வாடிவிட்டது. "நான் யாருக்குக் கொடுக்கப்போறேன்? பன்னெண்டு வருஷமா வீட்டு வாசல் வரைக்கும் போறவன். ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டுல சொன்னதில்ல. சொல்லியிருந்தா இந்தக் கடை இருக்குமா?"

பொய் சொல்கிற முகமில்லை. எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. போனை வாங்கிப் பார்க்கலாமா என்று தன்மையாகக் கேட்டேன். எண்கள் வரிசையைத் தள்ளிப் பார்த்தேன். 'நாய் வீடு 2வது மாடி.' 'ஒரு கேன் தாத்தா கார்னர்.' 'சண்டை ஜோடி மஞ்சள் சுவர்.' 'பல் செட் மேடம் 4வது மாடி பச்சை கேட் ஆஸ்பத்திரி பின்னாடி.' அறுநூறுக்கு மேல் இருந்தன. ஒன்றில்கூட மனிதர் பெயர் கிடையாது.

"எல்லாத்தையும் இப்படியா போட்டு வைப்பீங்க?"

"பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? போன் வந்தா எந்த வீடு, எத்தனை மாடின்னு தெரியணும். கேஸ் போடறவர், கரண்ட் வேலைக்காரர், எல்லாருமே இப்படித்தான் வச்சிருப்பாங்க."

அடுத்த பக்கத்தைத் தள்ளினேன். அங்கே இருந்தது அது. 'யாரது' என்று ஒரு ஆப். யார் அழைத்தாலும், எண்ணைச் சேமிக்காவிட்டாலும், அவர்கள் பெயரைத் திரையில் காட்டும்.

"இது ரொம்ப உபயோகம்," என்றார் அவர். "புது ஆள் கூப்பிட்டாலும் பேரு தெரிஞ்சுடும்."

"எல்லார் பேரும் அதுக்கு எப்படித் தெரியுதுன்னு யோசிச்சீங்களா?"

யோசித்திருக்கவில்லை. யார்தான் யோசிக்கிறார்கள்?

"நீங்க ஆரம்பத்துல அதைப் போடறப்போ, 'உங்க போன்ல இருக்கற எண்களைப் பார்க்கலாமா'ன்னு கேட்டிருக்கும்."

"ஆமா. சரின்னு அழுத்தினேன். அழுத்தலேன்னா உள்ளயே விட மாட்டேங்குது."

"அப்போ உங்க அறுநூறு வீட்டுக் கதவையும் கழட்டி அந்தக் கம்பெனிகிட்ட கொடுத்துட்டீங்க. அது ஊருக்கெல்லாம் காட்டுது."

ரிப்பேர் கடைப் பழக்கத்தில் என் பையில் எப்போதும் ஒரு பழைய போன் இருக்கும். அதில் ஒரு எண்ணைக்கூடச் சேமிக்க மாட்டேன், அதனால் இந்த மாதிரி ஆப்புக்கு அதிலிருந்து திருட ஒன்றும் இல்லை. அதில் 'யாரது'வை இறக்கினேன். பல் செட் மேடத்தின் எண்ணை அடித்தேன். மூன்று விநாடிகூட ஆகவில்லை. கேட், மாடி, ஆஸ்பத்திரி, எல்லாம் வந்து நின்றது. அவள் தன் போனை ஏழு பூட்டுப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாள். வெளியே போனது அடுத்தவர் போனிலிருந்து. யாரோ அவளைத் தேடி வெயிலில் அலைந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக்கூட வேண்டாம்.

தண்ணீர்க்காரர் திரையைப் பார்த்துவிட்டு ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்த மேடத்துக்கு என்னாலயா ஆபத்து?"

"நம்பர் மட்டும் போன்ல இருக்கட்டும். வீடு, மாடி எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க. நோட்டை யாரும் மூணு விநாடியில படிக்க முடியாது," என்றார் சார், அவர் தோளைத் தட்டி.

வெளியே வந்ததும், "முடிஞ்சுது சார். மணி ரெண்டு. டீ குடிச்சுட்டுப் போய்ச் சொல்லிடலாம்," என்றேன்.

சார் நகரவில்லை. ஓட்டு வீட்டு நிழலில் நின்று மூன்றாவது கவரின் ஒட்டும் பக்கத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"எப்படி வந்தார்னு தெரிஞ்சுபோச்சு. கவர் ஏன் காலியா இருக்குன்னு தெரியலயே. இங்க பார். இது ஒட்டின கவர். ஒட்டினப்புறம் விரலை விட்டுக் கிழிச்சிருக்கு."

"நர்ஸ் கிழிச்சிருப்பாங்க."

"கேளு."

கேட்டேன். கிளம்பும்போதே வாங்கி வைத்திருந்த நம்பருக்குப் போன் போட்டதும், பகல் தூக்கத்திலிருந்து எழுந்த நர்ஸ், "நான் கிழிக்கலைங்க. கிழிஞ்சுதான் கிடந்துச்சு, அதனாலதான் உள்ள பார்த்தேன்," என்றாள்.

"மத்த ரெண்டும் அதே மாதிரிதான் கிழிஞ்சிருக்கு," என்றார் சார். "இந்த மடிப்பைப் பாரு. முதல் கவர்ல ஒரு தாள் இருந்த தடம். ரெண்டாவதுல ரெண்டு தாள். இதுல குறைஞ்சது அஞ்சு தாளாவது இருந்திருக்கும், ஓரமெல்லாம் உப்பிப்போயிருக்கு. வீட்டுல உட்கார்ந்து எழுதி, உள்ள வச்சு, ஒட்டி, இவ்வளவு தூரம் கொண்டுவந்து, கதவு வரைக்கும் ஏறி, அங்க நின்னுக்கிட்டு கிழிச்சு வெளிய எடுத்திருக்காங்க. மிரட்ட வர்றவன் எழுதினதைத் திரும்ப எடுத்துட்டுப் போவானா?"

நான் கவரை வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

"அந்த ஆப்புல ஒரு பேர்தான் இருக்குமா? இருபத்தாறு டாக்டர் இருக்காங்க, மூணு வீட்டு ஆட்கள் இருக்காங்க. ஆளுக்கு ஒரு பேர் வச்சிருப்பாங்களே."

"கீழ 'மற்ற பெயர்கள்'னு ஒண்ணு இருக்கு," என்று அழுத்திக் கொடுத்தேன். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கட்டை விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"டீ வேண்டாம். வா போகலாம்."

நான்கு மாடி மறுபடி ஏறினோம். ஹாலில் இப்போது மேசையும் காலியாகியிருந்தது. தாடைகளை எல்லாம் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தாள். சார் அவளை அந்த ஒற்றை நாற்காலியில் உட்காரச் சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை நான் சொன்னேன். தண்ணீர்க்காரர், கேஸ்காரர், ஆப், எல்லாம் கேட்டாள். பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் எல்லாத்தையும் சரியாத்தானே பண்ணினேன்?"

"பண்ணினீங்க. உங்க நம்பர் உங்ககிட்ட மட்டும் இல்லையே," என்றேன்.

சார் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "உலகத்துல உங்களை யார் யார் எப்படிச் சேமிச்சு வச்சிருக்காங்கன்னு இதுல இருக்கு. சத்தமாப் படிங்க."

அவள் தயங்கிவிட்டுப் படித்தாள்.

"லேப்... லேப் லேடி புதுசு... மாடி போர்ஷன் மேடம் பேக்கரி சந்து... கீழ்ப் பல் லேட் பண்ணும்..." நிமிர்ந்தாள். "இது எந்த டாக்டர்னு எனக்குத் தெரியும். அளவு ஒழுங்கா எடுக்க மாட்டார்."

அன்றைக்கு முதல் தடவையாக அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

"பவுடர் வீட்டு அக்கா இரும்பு மாடிப்படி... வாடகை, சத்தம் போடாதவங்க... தனி லேடி, பெல் அடிச்சா திறக்காது, போன் பண்ணு..." குரல் இறங்கியது. "இப்படியா எழுதி வைப்பாங்க? தனி லேடின்னு?"

"பார்சல் கொண்டு வர்றவரா இருக்கும். படிங்க."

"பல் செட் மேடம் நாலாவது மாடி..."

அப்புறம் சத்தம் வரவில்லை. அவள் உதடு மட்டும் பிரிந்து நின்றது. நான் குனிந்து பார்த்தேன். கடைசி வரியில் ஒரே ஒரு சொல் இருந்தது.

'அம்மா.'

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்து, அது கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது. அது ஓய்ந்ததும் சார் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றார் சார், பதில் தெரிந்தும்.

"ஒருத்தி."

"ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி அவளுக்குப் பதினெட்டு ஆகப்போற சமயம். அப்போதான் சொந்தமா போன் கிடைச்சிருக்கும். உங்க நம்பர் சின்ன வயசுல மனப்பாடம் பண்ணினதாயிருக்கும். அம்மான்னு போட்டு வச்சிருக்கா, இந்த ஆப்பும் அவ போன்ல இருந்திருக்கும். கூப்பிட்டிருக்கா. மணி அடிக்கல. மெசேஜ் அனுப்பியிருப்பா. அதையும் நீங்க..."

சார் நிறுத்திக்கொண்டார். அவள் முடித்தாள்.

"தினமும் காலையில அழிச்சேன். பார்க்காமலே."

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் ரோஸ் கலர் இன்னும் போகவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் சொல்ல ஒரு ஜோக் இருந்தால் நானே அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன்.

கொஞ்சம் பொறுத்து அவள் கவரை எடுத்து எழுத்தைத் தடவிப் பார்த்தாள். "இது அவ எழுத்தான்னு எனக்குத் தெரியல. அவ எழுத்து எனக்கு நல்லாத் தெரியும்னு நினைச்சிட்டு இருந்தேன். எனக்குத் தெரிஞ்சது பன்னெண்டு வயசு எழுத்து." பிறகு, "கவர்மேல ஏன் மேடம்னு போட்டா?" என்றாள்.

"அம்மான்னு எழுதினா இந்தக் கட்டடத்துல யார்கிட்டன்னு கொடுப்பாங்க?" என்றார் சார். "உங்களை இங்க எப்படிக் கூப்பிடறாங்களோ அதைப் பார்த்து எழுதியிருக்கா. அம்மான்னு எழுதினது உள்ள இருந்திருக்கும். அதைத்தான் கொடுக்க தைரியம் வரல."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரை. ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும், அந்தக் கெட்ட வேலை எப்போதும் எனக்கு.

"மேடம், அவ வந்த வழியில அவனும் வரலாம். ஒரே வீட்டுல இருக்காங்க. இன்னும் அவனுக்குத் தெரியாம இருந்தா நம்ம அதிர்ஷ்டம். உங்க நம்பரை அந்த ஆப்புலேர்ந்து எடுக்கச் சொல்ல ஒரு பக்கம் இருக்கு. நம்பர் உங்களோடதுதான்னு உங்க போனுக்கு ஒரு குறியீடு வரும், அதைப் போட்டு அழுத்தினா உடனே எல்லாப் பேரும் போயிடும். அப்புறம் யார் தேடினாலும் ஒண்ணும் வராது."

"இதுவுமா?" விரல் கடைசி வரிமேல் இருந்தது.

"எல்லாமும்."

"அப்புறம் அவளாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"முடியாது."

"படம் எடுத்துத் தரட்டுமா, இந்தப் பக்கத்தை?" என்று கேட்டேன்.

"வேண்டாம். படத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்."

சார் தொண்டையைக் கனைத்தார். "பேரு, வயசு சொன்னாப் போதும். ரெண்டே நாள்ல அந்தப் பொண்ணு எங்க படிக்கறா, எந்த பஸ்ல போறான்னு சொல்லிடுவேன். என் வேலையே அதுதான்."

அவள் தலையை ஆட்டினாள். அழுகைக்கு நடுவில் குரல் உறுதியாக வந்தது. "வேண்டாம் சார். தனக்குத் தெரியாம தன்னை ஒருத்தர் தேடிக் கண்டுபிடிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதை அவளுக்குப் பண்ண மாட்டேன். அவளே கூப்பிடட்டும்."

சாருக்கு வாழ்க்கையில் யாரும் இப்படி ஒரு விலாசத்தை வேண்டாம் என்று சொன்னதில்லை. மெல்லத் தலையசைத்தார்.

அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். குறியீடு வந்தது, போட்டாள். 'எல்லாப் பெயர்களையும் நீக்கவா?' என்று கேட்டது. அவள் திரையில் மறுபடி முந்தின பக்கத்துக்குப் போய், கடைசி வரியை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது திரையில் 'இந்த எண்ணைப் பற்றித் தகவல் இல்லை' என்று இருந்தது.

"இந்த மணி அடிக்காம பண்ணி வச்சிருக்கேனே, அதை எடுத்துவிடுங்க," என்றாள் தன் போனை நீட்டி.

"எல்லாரும் கூப்பிடுவாங்க. அவன்கூட."

"அவன் நம்பரை மட்டும் தனியாத் தடுத்து வைங்க. வேற நம்பர்லேர்ந்து கூப்பிட்டான்னா குரலைக் கேட்டதும் வச்சுடறேன். குரலால கதவை உடைக்க முடியாதில்ல?"

எடுத்துவிட்டேன். மேல் மாடிக்கு ஓடிப்போய் நர்ஸிடமும் சொன்னேன்: ஒரு பெண் வந்து கேட்டால், புது வீடு தெரியாது, ஆனால் போன் பண்ணினால் இனிமேல் எடுப்பாங்க என்று சொல்லுங்கள். நர்ஸ் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

ஐந்து மணிக்கு லாரி வந்தது. பெட்டிகள் பத்து நிமிஷத்தில் ஏறிவிட்டன. ஒரு மனுஷியின் வீடு பத்து நிமிஷத்தில் ஏறக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. கடைசியாக அந்த நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள். அவள் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். எங்கே போகிறாள் என்று சார் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என்ஜின் கிளம்புவதற்குள் அவள் போன் அடித்தது. தெரியாத எண். பச்சையை அழுத்திக் காதில் வைத்தாள்.

"ஹலோ. அம்மா பேசறேன்."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், தெருவில் நின்ற எங்களுக்கே கேட்டது. "வந்து... மேடம், நாங்க உடற்பயிற்சி நிலையத்துலேர்ந்து பேசறோம். ரெண்டு நிமிஷம் பேசலாமா மேடம்?"

பல் செட் மேடம் இரண்டு நிமிஷமும் பேசவிட்டாள். ஒன்றைக்கூட மறுக்கவில்லை. கடைசியில், "வேண்டாம்மா. நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

லாரி நகர்ந்தது. தெருமுனைக்குப் போவதற்குள் மறுபடி மணி அடித்தது. வெளியே பார்த்துக்கொண்டிருந்த முகம் உள்ளே திரும்பிவிட்டது. சார் கையை உயர்த்தியவர் அப்படியே நின்றார். லாரிச் சத்தத்தில் அந்தப் பக்கம் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை, இவள் குரல் மட்டும் கேட்டது.

"ஹலோ. அம்மா பேசறேன்."